பிஎச் பேனாவா, செம்பருத்தித் தாளா?

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு அமிலம், காரம், உப்பு பாடம் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும், எதை வைத்துச் சோதித்துக் காட்டுவது என்ற யோசனை வந்துவிடும். மூன்று ஆண்டுகளில் லிட்மஸ் தாள், மஞ்சள் தாள் (மஞ்சள்பொடி ஏற்றிய தாள்), பிஎச் பேனா (அமிலத்தன்மையைத் திரையில் எண்ணாகக் காட்டும் சிறு கருவி), செம்பருத்தித் தாள் (செம்பருத்திப் பூச்சாற்றில் நனைத்து உலர்த்திய தாள்) என நான்கையும் பயன்படுத்திவிட்டேன். இப்போது என் மேசையில் முதலிடம் செம்பருத்திக்கு.

லிட்மஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் எலுமிச்சைச் சாறானாலும் மோரானாலும் அது காட்டுவது ஒரே சிவப்புதான். மஞ்சள் தாள் காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். சோப்புத் தண்ணீர் பட்டதும் செங்காவியாக மாறும்; புளிக்கரைசலிலும் வெறும் தண்ணீரிலும் மஞ்சளாகவே இருக்கும். ஆகவே உண்மையான போட்டி பேனாவுக்கும் செம்பருத்திக்கும்தான்.

பேனாவை நான் ஆசையோடுதான் வாங்கினேன். 1909-இல் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்த பிஎச் அளவுகோலில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். இதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் தலையை மட்டும் ஆட்டுவார்கள். எலுமிச்சைக்கு 2.3, பாலக்கோட்டுத் தக்காளிக்கு 4.3 என்று திரையில் பார்த்தபோது, இரண்டுக்கும் இடையே நூறு மடங்கு என்பதை அவர்களே கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த ஒரு நாளுக்காகவே பேனாவுக்கு நன்றி சொல்வேன்.

சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. பேனாவின் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் ஈரமாகவே இருக்க வேண்டும். அதுவும் வடிநீரில் வைக்கக் கூடாது. 3 மோலார் செறிவுள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். அவ்வப்போது 4.01, 6.86, 9.18 என்று பிஎச் எண் முன்பே தெரிந்த தாங்கல் கரைசல்களில் தோய்த்து எண்ணைத் திருத்த வேண்டும். அவற்றுக்கான பொடிப் பொட்டலம் ஒவ்வொன்றையும் 250 மில்லி வடிநீரில் கரைத்து வைத்தால், காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு அதன் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். திருத்துவதற்கு வைத்திருக்கும் கரைசலே தவறிப்போனால் எதைக் கொண்டு திருத்துவது?

ஒரு கோடை விடுமுறையில் பேனாவை மூடி போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். ஜூன் மாதம் எடுத்து எலுமிச்சைச் சாற்றில் தோய்த்தால் 4.8 என்றது. முன் வரிசையில் இருந்த பெண் சாற்றைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், பல் கூசுகிறது. பேனா இதைத் தக்காளியை விடக் குறைந்த அமிலம் என்கிறதே?" என்றாள். ஓர் இரவு முழுவதும் ஊறவைத்துத் திருத்தியும், புதிதாகக் கரைத்த 9.18 கரைசலில் 8.6-க்கு மேல் எண் ஏறவில்லை. குமிழ் கெட்டால் பேனாவும் போயிற்று. நான் வாங்கிய வகைக்கு மாற்றுக் குமிழ் கிடையாது. என்னை உறுத்தியது செலவு இல்லை. கெட்டுப்போன பிறகும் பேனா அதே தெளிவோடு தசமப் புள்ளி வைத்துப் பொய் சொல்கிறது. அந்தப் பெண் கேட்டிருக்காவிட்டால் 4.8 எல்லோருடைய நோட்டிலும் ஏறியிருக்கும். செம்பருத்தித் தாள் கெட்டால் வெளுத்துப்போய்க் கண்ணெதிரே கெடும்.

அதைச் செய்வதிலும் நம் பக்கத்துக்கென்று ஒரு பாடம் இருந்தது. ஐந்திதழ் சிவப்புச் செம்பருத்தியை முதல் முறை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கொதிக்கவைத்தேன். சாறு மங்கிய நீலமாக வந்தது. இங்குள்ள தண்ணீரில் பைகார்பனேட் மிகுதி. சற்றே காரத்தன்மை கொண்டது. சோதிக்க வேண்டிய நிறத்தைத் தண்ணீரே முன்கூட்டி மாற்றிவிட்டது. மழைநீரிலும் பேட்டரிக் கடை வடிநீரிலும் செய்தபோது ஊதா கலந்த சிவப்பு கிடைத்தது. நகலெடுக்கும் தாளும் ஆகாது. அதில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள், சாறு பட்டதும் நீலம் பாயும். வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத புட்டியில் வைக்க வேண்டும்.

எவர்சில்வர் தட்டில் துண்டுகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விடுகிறோம். எலுமிச்சையில் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, புளிக்கரைசலில் அதைவிடச் சற்று மங்கல், ஆப்பசோடாவில் நீலப்பச்சை, சோப்பில் பச்சை. சுண்ணாம்புத் தெளிநீரில் முதலில் பச்சை, சிறிது நேரத்தில் ஓரம் மஞ்சளாகிறது. வலிய காரத்தில் அந்த நிறமியே சிதைகிறது. பிறகு ஆப்பசோடா கரைசலில் செம்பருத்திச் சாற்றைக் கலந்து எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாக விட்டால், நுரைத்துக்கொண்டே பச்சை, நீலம், ஊதா, சிவப்பு என்று மாறும். நடுநிலையாக்கல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கண்டதில்லை. ஒரே பேனாவைச் சுற்றி இருபது தலைகள் முட்டிக்கொள்வதும் இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தண்ணீரில் தாள் பெரிதாக நிறம் மாறவில்லை என்பதால் அது குடிக்க நல்லது என்று பிள்ளைகள் முடிவு செய்யக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடைத் தாளும் காட்டாது, பேனாவும் காட்டாது. குடிநீரில் அதன் உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

எண்ணே முக்கியம் என்னும் இடத்தில் செம்பருத்தியால் பயனில்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் தொழிற்சாலையில் பெங்களூரா ரக மாங்கூழின் பிஎச் 4.6-க்குக் கீழே இருக்கிறதா என்பது உயிர் காக்கும் கேள்வி. அதற்கு மேலே போனால் அடைத்த டப்பாவில் கொடிய நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர இடமுண்டு. அங்கே ஒழுங்காகப் பராமரித்த கருவிதான் வேண்டும். அமெரிக்காவின் பெக்மன் 1934-இல் பிஎச் கருவியைச் செய்ததும் எலுமிச்சைச் சாறு தொழிலுக்காகத்தான். அந்தச் சாறு கெடாமலிருக்கச் சேர்த்த சல்ஃபர் டை ஆக்சைடு லிட்மஸை வெளுக்கச் செய்துவிட்டது. தோட்ட மண்ணில் செம்பருத்தித் தாளை இரண்டே முறை வைத்துப் பார்த்தேன். மண்ணின் நிறமே தாளில் ஏறிவிட்டது. அதை நம்பி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தாளின் ஆயுளைப் பற்றி ஓராண்டு அனுபவம்தான் எனக்கு உண்டு. தை மாதம் செய்த துண்டுகளை ஆடியில் எடுத்துப் பார்த்தேன். சோப்பில் பச்சை நன்றாகவே தெரிந்தது. எலுமிச்சையில் சிவப்பு சோர்ந்திருந்தது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிதாகச் செய்கிறோம். பத்துப் பூ போதும், வாசலில் செடி நிற்கிறது.