மின்காரில் ஏசி நின்றால்: பக்கத்துக் கராஜா, தூரத்து ஸ்கேனரா?

மாங்குளம் தாண்டியதும் ஏசி வெறும் அனல்காற்றை ஊதியது. கிளிநொச்சியில் பெற்றோல் கார்களுக்குக் காஸ் அடிக்கும் கராஜ் கிட்டத்தில்தான்; செலவும் குறைவு. அடைபட்ட வடிகட்டி, ஓடாத விசிறி என்றால் அதுவே போதும்.

ஆனால் மின்காரில் ஏசி காஸை அழுத்தும் கம்பிரசரைச் சுழற்றுவது பெல்ட் அல்ல, பற்றரியின் உயர் வோல்ட் மின்சாரம். பெரும்பாலும் அதற்குரியது பிஓஈ (POE) என்ற மசகு எண்ணெய். பெற்றோல் கார் ஏசியின் பிஏஜி (PAG) எண்ணெய் சிறிது கலந்தாலும் மின்காப்புக் கெடும். காஸ் குழாயின் முனையில் மினுங்கும் பழைய பிசுக்கே போதும். உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் வயரை யாரையும் சும்மா தொடவிடாதீர்கள்.

மின்கார் தெரிந்த இடத்துக்குப் போக ஒரு பகல் போய்விடும். ஆனாலும் அங்கே ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை வாசித்த பிறகே கைவைப்பார்கள். கிளிநொச்சிக் கராஜ்காரரிடம், "எந்த எண்ணெய் அண்ணை?" என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் தம்பி" என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டு வவுனியாப் பக்கம் திருப்பினேன்.