உபுண்டுவின் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’: என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு

இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் உள்ள கணினியில் லினக்ஸ் நிறுவுகிறவர் பெரும்பாலும் டிரைவரைப் பற்றி, அதாவது கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளைப் பற்றி, யோசிக்க வேண்டியதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடும், மேசா என்ற திறந்த மூல கிராபிக்ஸ் நூலகத்தோடும் சேர்ந்தே அது வந்துவிடுகிறது. என்விடியா கார்டு என்றால்தான் தனியாக ஒரு வேலை. அதற்காக உபுண்டு 24.04 என்னும் லினக்ஸ் பதிப்பில் உள்ள ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ கருவியை என் மடிக்கணினியில் ஓராண்டாகப் பயன்படுத்திவருகிறேன்.

திறந்தவுடன் சற்று நேரம் தேடிவிட்டு, கார்டின் பெயரையும் அதற்குப் பொருந்தும் டிரைவர் பதிப்புகளையும் காட்டுகிறது. ஆனால் ஒரே பதிப்பு எண்ணுக்குச் சாதாரணம், ‘ஓப்பன்’, ‘சர்வர்’ என்று பல வரிகள் நிற்கும்போது எதைத் தொடுவது என்று அது விளக்கிச் சொல்வதில்லை. ‘சர்வர்’ வீட்டுக் கணினிக்குத் தேவையில்லை. ‘ஓப்பன்’ என்பது 2022 மே மாதம் என்விடியா மூலநிரலைத் திறந்துவிட்ட கர்னல் மாட்யூல் (கர்னலுக்குள் ஏறி இயங்கும் டிரைவர் பகுதி). ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளிலிருந்து மேலே உள்ளவற்றுக்கு அது பொருந்தும், ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் பொருந்தாது.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். உபுண்டு கையொப்பமிட்டுத் தரும் ஆயத்த மாட்யூல் கிடைத்தால் தொல்லையில்லை. ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலைத் தானாகக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் வழியாக நம் கணினியிலேயே மாட்யூல் உருவாக்கப்பட்டால், முதலில் ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும், மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று தோன்றிப் பத்து நொடிகள் மட்டும் காத்திருக்கும். அதற்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் மோக்’ (நம் கணினியின் கையொப்பச் சாவியைப் பதிவுசெய்வது) என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். முதல் முறை நான் டீ போட எழுந்துபோய்விட்டேன். திரும்பி வந்தபோது உள்நுழைவுத் திரை வந்திருந்தது, டிரைவர் மட்டும் ஏறவில்லை.

புதுப்பித்தலில் இக்கருவிக்கு முழு மதிப்பெண் தருவேன். இணையத்தில் இறக்கிய ‘ரன்’ கோப்பை டிகேஎம்எஸ் இல்லாமல் நிறுவினால், அடுத்த கர்னல் வந்ததும் டிரைவர் அதோடு சேராமல் கறுப்புத் திரை வரக்கூடும். இதில் டிரைவரும் கர்னலும் உபுண்டுவின் மென்பொருள் நிறுவியான ஆப்ட் வழியாகவே வருவதால் அந்த விரிசல் அரிது. வரிசை எண் மாறும் புதிய டிரைவரை மட்டும் நாமே வந்து தேர்ந்தெடுப்பது நல்லது. புதுப்பித்த கையோடு கார்டின் நிலையைக் காட்டும் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையை ஓட்டினால், டிரைவர் பதிப்பும் லைப்ரரி பதிப்பும் ஒத்துப்போகவில்லை என்ற பிழை வரலாம். பழைய மாட்யூல் இன்னும் நினைவகத்தில் இருப்பதுதான் காரணம், கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் அது போய்விடும்.