பச்சை லைட்டு எரியும், ஆனா "ஆஃப்லைன்"னு சொல்லும் – எட்டு மாசம் ஓட்டுன நெட்வொர்க் பிரிண்டர் பத்தி

மொதல்லயே சொல்லிடுறேன், பிரிண்டர் நல்ல பிரிண்டர் தான். கறுப்பு வெள்ளை லேசர், ரெண்டு பக்கமும் தானா அடிக்கும், லேன் கேபிளும் போடலாம் வைஃபையும் போடலாம். கம்பெனி பேரு வேணாம், ஏன்னா நான் திட்டப்போறது பெட்டி மேல போட்டிருந்த "வயர்லெஸ், ஈஸி செட்டப்"ங்குற ஒரு வரிய தான், அத எல்லா கம்பெனிக்காரனும் தான் போடுறான்.

கீழக்கரை பக்கம் காலேஜ். ஸ்டூடண்ட் ஆபீஸ்னா ஒரு ரூம், ஒரு பழைய டெஸ்க்டாப், வர்றவன் போறவன் லேப்டாப் ஆறேழு, எல்லாத்துக்கும் இது ஒண்ணு தான். ஸ்காலர்ஷிப் ஃபார்ம், போனஃபைடு, ப்ராஜெக்ட் ரெக்கார்டுன்னு பத்து மணிக்கே ஆளுக வந்து நின்னுருவாங்க.

மொத ரெண்டு மாசம் தங்கம். அப்புறம் கரண்டு போயிட்டு வந்தா போதும், பிரிண்டர்ல பச்சை லைட்டு எரியுது, லேப்டாப்ல மட்டும் ஆஃப்லைன். நாங்களும் தெரிஞ்ச வைத்தியமெல்லாம் பாத்தோம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணோம், பிரிண்டர ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர அழிச்சு மறுபடி போட்டோம், போடப்போட அதே பிரிண்டர் காப்பி 1, காப்பி 2, காப்பி 3ன்னு லிஸ்ட்ல குட்டி போட்டுச்சு, எது உசிரோட இருக்குன்னு எவனுக்கும் தெரியல. ஒரு ஜூனியர் மூணுலயும் அனுப்பிட்டு கிளம்பிட்டான், சாயங்காலம் யாருமில்லாத நேரத்துல 40 பக்க ரெக்கார்டு ரெண்டு செட்டு வந்து கெடக்கு.

டெஸ்க்டாப்ல மாட்டி ஷேர் பண்ணியும் பாத்தாச்சு. டெஸ்க்டாப்ப எவனாவது அணைச்சா எல்லாருக்கும் சங்கு. அது போக 2021ல பிரிண்ட்நைட்மேர்னு விண்டோஸ்ல ஒரு ஓட்டை தெரியவந்து அப்டேட் விட்டாங்கள்ல, அதுக்கப்புறம் அட்மின் இல்லாத லாகின்ல ஷேர் பிரிண்டர் டிரைவரே ஏற மாட்டேங்குது.

கடைசில பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வச்சிருக்க காக்கா (எங்க பக்கம் அண்ணன அப்புடித்தான் கூப்புடுவோம்) வந்தாரு. லேப்டாப்ப தொடவே இல்ல. பிரிண்டர் மெனுவுல இருந்து நெட்வொர்க் ரிப்போர்ட்னு ஒரு தாள் எடுத்தாரு. "தம்பி, இது இப்ப 192.168.1.31ல ஒக்காந்திருக்கு, ஒங்க லேப்டாப்பு இன்னும் 12ல போயி கதவ தட்டிட்டு இருக்கு, வீடு மாறிப் போனவன பழைய வீட்ல தேடுனா எப்புடி?" அம்புட்டு தான் மேட்டரு. கரண்டு வரும்போது ரௌட்டர் பிரிண்டருக்கு விலாசமா கையில கெடச்ச நம்பர குடுத்துருது, லேப்டாப்புக்கு அது தெரியாது.

வைஃபைய அணைச்சுட்டு கேபிள இழுத்தாரு. ரௌட்டருக்குள்ள போயி பிரிண்டரோட மேக் அட்ரஸுக்கு (மெஷினுக்குன்னே இருக்குற அடையாள நம்பர்) 200னு கடைசி நம்பர கட்டிப்போட்டாரு. லேப்டாப்ல இருந்த குட்டிகள அழிச்சு டிசிபி ஐபி போர்ட்டுன்னு, அதாவது அந்த நம்பருக்கே நேரா போற வழிய, கையால போட்டு, போர்ட் செட்டிங்ல எஸ்என்எம்பி டிக்கையும் எடுத்துட்டாரு. விண்டோஸ் அது வழியா தான் "உசிரோட இருக்கியா"ன்னு கேக்குமாம், பதில் வரலைன்னா நல்லா இருக்க பிரிண்டரையும் ஆஃப்லைன்னு முடிவு கட்டிருமாம். ஒரு லேப்டாப் அப்பவும் மக்கர், அதுல பழைய பிடிஎஃப் ஒண்ணு க்யூவுல சிக்கி நின்னுச்சு, பிரிண்ட் வேலைய வரிசைல வச்சு அனுப்புற ஸ்பூலர் சர்வீஸ நிறுத்தி ஸ்பூல் ஃபோல்டர்ல இருந்தத அழிச்சு மறுபடி ஓட விட்டதும் சரி. கெஸ்ட் வைஃபைல இருந்த பையனுக்கு மட்டும் வரல. அதுல நெட்டு வரும், மத்த மெஷின் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, நெட்வொர்க்க மாத்துனா போதும்.

400 ரூவா வாங்குனாரு. போறப்ப பேப்பர் கட்ட பிரிச்சு போட்டு வைக்காதீங்கன்னாரு, கடல் அந்தா இருக்கு, மழைக்காலத்துல தாள் ஈரத்த இழுத்து வளைஞ்சுக்கிட்டு உள்ள சிக்கும். வேணுங்குற அளவு தான் இப்ப ட்ரேல வைக்குறோம், சிக்குறது கொறஞ்சிருக்கு.

பிரிண்டருக்கு 4 ஸ்டார், அதோட வைஃபைக்கு 1. வாங்குறவங்க கேபிள் போர்ட் இருக்கான்னு பாத்து வாங்குங்க, கொஞ்சம் காசு கூட ஆனாலும் பரவால்ல. அதுக்கப்புறம் எத்தனையோ தடவ கரண்டு போயிருச்சு, ஆஃப்லைன்னு ஒரு வார்த்தை வரல.

ஒரே ஒரு சீனியர் லேப்டாப்ல மட்டும் காப்பி 3 இன்னும் இருக்கு. அழிக்க விட மாட்டேங்குறாரு, அதுல அடிச்சா தான் ராசியாம். சரின்னு உள்ள போர்ட்ட மட்டும் மாத்திவிட்டோம், அவருக்குத் தெரியாது.