பிறிட்ஜுக்குள் வைக்கும் வெப்பமானி: ஒரு மாதம் பாவித்த பிறகு

கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். திரை கதவின் வெளிப்பக்கம் ஒட்டும். மெல்லிய வயரின் நுனியில் உள்ள உணரி உள்ளே போகும். அதுவரை இருந்த ஆகக்கூடிய, ஆகக்குறைந்த வெப்பநிலைகளையும் சேமித்து வைத்திருக்கும். வாங்கியது தங்கச்சிக்காகத்தான். ஆறு மாதக் கர்ப்பிணி, பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

முதலில் சரிபார்த்தேன். கிளாஸ் நிறைய ஐஸை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, உணரியை நடுவில் பிடித்தேன். 0 காட்ட வேண்டும், 0.4 காட்டியது. வீட்டுக்கு அது போதும்.

அப்புறம் நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் உணரியைப் போட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் 9 பாகை! நெஞ்சு திக்கென்றது. பன்னிரண்டு வருடமாக அந்தப் பெட்டிக்குள்தான் பாலும் மீன்குழம்பும் வைக்கிறோம். 5 பாகைக்கு மேல் போகக் கூடாது. உள்ளே திருகியில் 3 என்று இருந்ததை அம்மா மூன்று பாகை என்றே நினைத்திருந்தார். அது வெப்பநிலை இல்லை, எங்கள் பெட்டியில் எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். 6 இல் வைத்த பிறகு நடுத்தட்டு 4 க்கு இறங்கியது. கதவுத் தட்டு மட்டும் இன்னும் 8.

சல்மனெல்லா போன்ற கிருமிகள் 5 பாகைக்குக் கீழே பெருகுவது அநேகமாக நின்றுவிடும். நான் பயப்படுவது லிஸ்டீரியாவுக்கு. அது 0 பாகைக்குக் கிட்டவும் மெல்ல மெல்லப் பெருகும், கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருவையே பறிக்கக்கூடும். தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பிறிட்ஜில் வைத்தால் கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் ஆகாது. குளிரில் கிருமியின் மேற்சவ்வும் அப்படித்தான் விறைக்கப் பார்க்கும். லிஸ்டீரியாவோ சவ்வில் உள்ள கொழுப்பை விறைக்காத வகையாக மாற்றிக்கொள்கிறது. உள்வேலைகள் நின்றுபோகாமல் இருக்கக் குளிருக்கென்றே சில புரதங்களையும் செய்துகொள்ளும்.

“உப்புப் போட்டதுதானே, ஒன்றும் ஆகாது” என்பார் அம்மா. உப்பைத் தாங்குவதற்காக லிஸ்டீரியா உணவில் இருந்து உறிஞ்சும் பீட்டெயின், கார்னிட்டின் என்ற இரண்டு பொருட்களும் குளிரையும் தாங்க வைக்கின்றன. பிறீசரில் வைத்தாலும் பெருகாதே தவிரச் சாகாது. மணத்திலும் ருசியிலும் பிடிபடாது. ஆவி பறக்கச் சூடாக்கினால் சாகும், அதனால் தங்கச்சிக்கு நேற்றைய கறி எதுவும் கொதிக்காமல் கொடுப்பதில்லை. ஆனால் பாசையூரில் வாங்கிய சூரையை வெயிலில் சுமந்துவந்து, ஆறுதலாக வெட்டிக் கழுவினால் அதில் ஊறும் ஹிஸ்டமின் என்ற நஞ்சை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழிக்க முடியாது. இப்போது ஐஸோடுதான் வாங்கி வருகிறேன்.

குறை என்றால், காந்தம் சரியில்லை, திரை இரண்டு முறை கீழே விழுந்துவிட்டது. சூடு ஏறினால் சத்தம் போடும் வசதியும் இல்லை. ஆனால் போன கிழமை மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது பட்ட உதவி பெரிது. கதவைத் திறக்காமல் விட்டோம். கரண்ட் வந்ததும் பார்த்தால் ஆகக்கூடியது 6.8. பாலைக் காய்ச்சிவிட்டுப் பாவித்தோம், ஒன்றையும் கொட்டவில்லை.

பால் போத்தல் இப்போது நடுத்தட்டின் பின்பக்கம் இருக்கிறது. கதவுத் தட்டில் தண்ணீரும் சோஸும் மட்டும்தான்.