சுயாதீனக் கற்கை எடுக்கலாமா? எடுத்துப் படித்து முடித்தவனின் அனுபவம்

முதுமாணிப் படிப்பில் இரண்டாம் பருவத்துக்குப் பாடம் தெரிவு செய்ய வேண்டிய நண்பன் ஒருவன் போன கிழமை கேட்டான்: "மச்சான், நான் நினைச்ச பாடம் இந்த முறை நடக்காதாம். அதையே சுயாதீனக் கற்கையா எடுக்கலாம் எண்டு சொல்றாங்க. நீ எடுத்தாய்தானே, எப்படி?" தொலைபேசியில் ஏதோ பதில் சொன்னேன். அது அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதனால் விரிவாக எழுதுகிறேன். சுயாதீனக் கற்கை என்றால், வகுப்பு இல்லாமல் ஒரு ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு மாணவன் தனியாகப் படிக்கும் பாடம்.

விண்ணப்பம், கட்டணம், எந்தப் பருவத்தில் எடுக்கலாம் என்பதெல்லாம் உங்கள் பீடத்தின் கைநூலில் இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. பட்டம் கையில் வந்த பிறகும் என் மனதில் நிற்பவை இரண்டு. ஒன்று அந்தப் பாடத்தில் கிடைத்த படிப்பு. மற்றது, அதற்குரிய மூன்று கிரெடிட்டைக் கணக்கில் ஏற்றுவதற்கு நான் பட்ட பாடு.

நான் களுவாஞ்சிகுடி. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருந்தாலும் எனக்கு இடம் கிடைத்தது வெளி மாகாணத்தில். வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் படிப்பவர்களுக்குத் தெரியும்: வெள்ளி இரவு பஸ், சனி காலை வகுப்பு, ஞாயிறு இரவு திரும்பவும் பஸ். நான் எடுக்க நினைத்தது நீர்ப்பாசன முகாமைத்துவம். அதைக் கற்பிக்கும் விரிவுரையாளர் ஓய்வாண்டு விடுப்பில் வெளிநாடு போய்விட்டார், பாடம் நின்றுவிட்டது. அதே துறையில் இருந்த சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவர், "தலைப்பைத் தெளிவாக எழுதிக்கொண்டு வாருங்கள், நான் பார்க்கிறேன்" என்றார். அப்படித்தான் தொடங்கியது.

முதல் சந்திப்பில் அந்த விரிவுரையாளர், நாங்கள் மேடம் என்று கூப்பிடுபவர், புத்தகப் பட்டியல் எதுவும் தரவில்லை. "உங்கள் வீட்டு வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்திலிருந்து என்றேன். "அது எனக்கும் தெரியும். எந்த வாய்க்கால்? அந்த வாய்க்காலில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் வயல் மத்தியமுகாம் பக்கம். சின்ன வயதிலிருந்து போய்வருகிற வயல்தான். இங்கினியாகலவில் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் நாட்டிலேயே பெரிய நீர்த்தேக்கம், கல்லோயா அபிவிருத்திச் சபையை 1949இல் அமைத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் ஒப்புவிப்பேன். எங்கள் வாய்க்காலில் யார் முதல், யார் கடைசி என்பது தெரியாது. கேட்க வேண்டிய கேள்வியென்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை.

அந்தக் கேள்விதான் பாடமாக மாறியது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. பட்டதாரி இளைஞர்களை ஊர்களுக்கு அனுப்பி, ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகளைச் சின்னச் சின்னக் குழுக்களாகக் கூட்டினார்கள். கட்டளை மேலிருந்து வரட்டும் என்று காத்திருக்காமல், தண்ணீரை எப்படி முறை வைத்துப் பங்கிடுவது என்று அவர்களே பேசி முடிவெடுக்க வைப்பதுதான் நோக்கம். பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பங்கேற்பு முறை நீர்ப்பாசனம் என்று உலகத்தில் எங்கே பேசினாலும் கல்லோயாவைச் சொல்வார்கள். எங்கள் வயலுக்கு அவ்வளவு பக்கத்தில் நடந்த விஷயம், நான் அதை முதன்முதலில் படித்தது ஆங்கிலக் கட்டுரையில்.

வாசித்தது ஒரு பக்கம். மற்றப் பக்கம், வாய்க்கால் தொடங்கும் இடத்திலிருந்து கடைமடை வரை நடந்து பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்த்துக்கொள்ளும் வட்டை விதானை ஒருவரோடு நடந்தேன். கடைசி வயல்களில் ஒன்றில் ஒரு ஐயா, வயலுக்குத் தண்ணீர் விட வரப்பில் வெட்டிய தன் வக்கடைக்குப் பக்கத்தில் குச்சி ஒன்று குத்தி வைத்திருந்தார். அதில் கத்தியால் வெட்டிய மூன்று கீறல். "கீழ்க் கீறலுக்குத் தண்ணி வந்தா மேல ஆரோ வக்கடையத் திறந்திட்டாங்க எண்டு அர்த்தம். அப்ப சைக்கிள எடுத்துக்கொண்டு போவன்" என்றார். அளவைக் கருவி, பதிவுப் புத்தகம், முறைப்பாட்டு மனு எல்லாமே அவருக்கு அந்தக் குச்சிதான்.

இதை எழுதிக் கொடுத்தேன். மேடம் திருப்பித் தந்த தாளில் ஓரமெல்லாம் பச்சை மை. வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரே கேள்வி: "யார் பார்த்தது? யார் சொன்னது?" நான் கண்ணால் கண்டது, விதானை சொன்னது, கட்டுரையில் வாசித்தது மூன்றும் ஒரே பந்தியில் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரித்துத் திரும்ப எழுதச் சொன்னார். திரும்பவும் பச்சை மை. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் எந்த விரிவுரையாளருக்கும் இப்படி ஒரு மாணவனின் தாளோடு மினக்கெட முடியாது. பிறகு நான் எழுதிய ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயம் முழுக்க அந்தப் பச்சை மையில் பிறந்தது. முதுமாணிப் படிப்பில் நான் உண்மையாகப் படித்த பாடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சரி, இனி மற்றக் கதை.

சுயாதீனக் கற்கைக்கு ஒரு படிவம் உண்டு. ஒரே பக்கம். தலைப்பு, நோக்கம், வாசிப்புப் பட்டியல், எத்தனை முறை சந்திப்பது, எதை எப்போது ஒப்படைப்பது, புள்ளியை எப்படிப் பிரிப்பது. கீழே மாணவன், மேற்பார்வையாளர், துறைத் தலைவர் என்று மூன்று கையெழுத்து. நல்ல படிவம். ஒரு கட்டம் மட்டும் இல்லை: இந்தப் பாடம் பட்டத்தின் எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது?

ஏன் அது பெரிய விஷயம் என்று சொல்கிறேன். பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பத்தாம் மட்டத்து முதுமாணிக்கு 60 கிரெடிட் வேண்டும், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு உரியதாக இருக்க வேண்டும். மீதியைப் பீடங்கள் கட்டாயப் பாடம், துறைசார் தெரிவுப் பாடம், பொதுத் தெரிவு என்று பிரித்து வைத்திருக்கும். மொத்தம் 60 வந்தால் மட்டும் பட்டம் கிடையாது. ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே நிரம்ப வேண்டும். இன்னொன்றும் உண்டு. கற்பிக்கப்படும் பாடத்தில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணி நேரக் கற்றல். ஆய்வென்றால் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100. சுயாதீனக் கற்கை இரண்டில் எது? வகுப்பு இல்லை, ஆனால் ஆசிரியர் இருக்கிறார். ஆய்வேடு இல்லை, ஆனால் களத்துக்குப் போகிறோம். பாடமென்றால் என் மூன்று கிரெடிட்டுக்கு 150 மணி நேரம், ஆய்வென்றால் 300. எங்கள் கைநூலில் இதற்குப் பதில் இல்லை.

பதிவு செய்த கிழமையிலேயே நான் கருமபீடத்தில் கேட்டேன். "அது நீங்க எடுக்க இருந்த தெரிவுப் பாடத்துக்குப் பதிலாத்தானே, தானா வரும்" என்றார்கள். நானும் நிம்மதியாகப் படித்தேன். புள்ளியும் நன்றாக வந்தது. ஆய்வேட்டை ஒப்படைத்து, வாய்மொழிப் பரீட்சையும் முடிந்து, பட்டத் தேவைகள் பூர்த்தியா என்று சரிபார்க்கும் கட்டத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது: மொத்தக் கிரெடிட் சரி, துறைசார் தெரிவில் மூன்று குறைகிறது. என் சுயாதீனக் கற்கை "ஏனையவை" என்ற தலைப்பின் கீழ் தனியாகக் கிடந்தது.

அதை அங்கிருந்து இங்கே நகர்த்த மேற்பார்வையாளரின் கடிதம் வேண்டும். கடிதம் துறைத் தலைவருக்கு, அங்கிருந்து பட்டப்பின் படிப்புக் குழுவுக்கு, பிறகு பீடச் சபைக்கு, கடைசியில் மூதவைக்கு (செனட்). ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் ஒரு மாதம். நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும் திகதி தவறினால் இன்னொரு மாதம். ஒரு கூட்டத்தில் கோரம் இல்லை என்று ஒத்திவைத்தார்கள். ஒரு முறை கடிதத்தில் பாடக் குறியீடு பழையது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குறியீட்டைக் கொடுத்ததே அவர்கள்தான். தொலைபேசியில் கேட்டால் "நேரில் வாங்க", நேரில் போனால் "அவர் இன்றைக்கு லீவு". கிழக்கிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்தவனிடம் அப்படிச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ.

தாமதம் என்றால் பட்டமளிப்பு விழாவில் படம் எடுப்பது தள்ளிப்போகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அரசாங்க வேலையில் இருப்பவனுக்கு விழாவை விடப் பெறுபேற்றுக் கடிதத்தில் இருக்கும் பட்டம் செல்லுபடியாகும் திகதி முக்கியம். பதவி உயர்வு விண்ணப்பத்தில் பார்ப்பது அதைத்தான். என்னோடு ஒரே நாளில் ஆய்வேடு கொடுத்தவர்களின் திகதி ஒன்று, என் திகதி வேறொன்று. இடையில் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துபோனது. என்னை விட அனுபவம் குறைந்த ஒருவர் அந்தப் பதவிக்குப் போனார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கட்டம் இல்லாத அந்தப் படிவத்தின் மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் இவ்வளவு இறுக்கமாக இருப்பதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஒரு ஆசிரியரும் ஒரு மாணவனும் மூடிய அறைக்குள் பேசி முடித்து மூன்று கிரெடிட் போட்டுக்கொள்ளலாம் என்றால் பட்டத்தின் மதிப்பு என்னாகும்? குழு பார்க்கத்தான் வேண்டும். மேடம் கேட்ட அன்றைக்கே கடிதம் தந்தார், அதுவும் தன் மதிய இடைவேளையில். கடைசியில் என் கோப்பைத் தேடி எடுத்து, விடுபட்ட கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிப் போராடியவரும் அதே அலுவலகத்தில் இருந்த ஒரு எழுதுவினைஞர்தான். அவருக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் குழு பார்க்க வேண்டியதைத் தொடக்கத்திலேயே பார்த்திருக்கலாம். படிப்பு முடிந்து புள்ளியும் வந்த பிறகு, "இது எந்த வகைப் பாடம்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

மச்சான், உன் கேள்விக்கு வருகிறேன். உனக்கு நான் சொல்வது: வேண்டாம். நேர அட்டவணையில் இருக்கும் பாடத்தை எடு, அது சுமாரான பாடமாக இருந்தாலும் பரவாயில்லை. உன் பதவி உயர்வு அடுத்த வருடம். இரண்டு பிள்ளைகளும் சின்னவர்கள், கையெழுத்துக்காக இரவு பஸ் ஏற உன்னால் முடியாது. நான் படித்தது போல ஒரு படிப்பு உனக்குக் கிடைக்காமல் போகும், அதுவும் தெரிந்துதான் சொல்கிறேன். எனக்கு அவ்வளவு நல்ல மேடம் கிடைத்தும் இதுதான் கதி.

இல்லை, எடுத்தே தீருவேன் என்றால், படிவத்தின் அடியில் வெற்றிடம் இருக்கும். அதில், "இப்பாடம் இன்ன பிரிவின் கீழ் இன்ன தெரிவுப் பாடத்துக்குப் பதிலாகக் கணிக்கப்படும், கற்பிக்கப்படும் பாடமாகவே கருதப்படும்" என்று எழுதி, அந்த வரிக்கு நேரே துறைத் தலைவரின் கையெழுத்தை வாங்கு. அதைக் குழுக் கூட்டத்துக்குப் போடச் சொல்லி, கூட்ட அறிக்கையின் பிரதியைக் கையில் எடு. அந்தப் பிரதி வரும் வரைக்கும் ஒரு கட்டுரையையும் திறக்காதே.