இரண்டரை வருடம், 71 முறை: கவுன்சலிங் போன கதை

"கவுன்சிலரைப் பார்க்கப் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்படியே தெருவிளக்கு எரியலைன்னும் சொல்லிட்டு வா" என்றார். நான் சொன்னது மனநல ஆலோசகரை, அவர் வார்டு கவுன்சிலர் என்று நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை. சென்னையில் வளர்ந்தவனுக்கு, மனநல ஆஸ்பத்திரி இருக்கும் கீழ்ப்பாக்கம் என்றாலே கிண்டல்தான். பள்ளியில் அந்தப் பெயரைச் சொல்லி நானே நாலு பேரை ஓட்டியிருக்கிறேன்.

அப்போது எனக்கு 41 வயது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைத்ததற்காக மகளைக் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். மறுநாளே நம்பர் தேடினேன்.

முதலில் போன இடம் சரியில்லை. அரை மணி நேரத்தில் எனக்கு யோகா, வாக்கிங், குலதெய்வம் மூன்றும் சிபாரிசாகக் கிடைத்தன. இதற்கு என் சித்தப்பாவே போதும், காசும் வாங்க மாட்டார். கவுன்சலிங் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இங்கே நிலைமை. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருந்தில்லாமல் பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் உளவியலாளர், என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், அதைக் கேட்பதில் தப்பே இல்லை. இரண்டாவதாகப் பார்த்த மேடம், கேட்டதும் எண்ணைச் சொன்னார். இங்கே பேசுவது வெளியே போகாது, உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டார்.

50 நிமிடத்துக்கு 1,500 ரூபாய். முதல் ஆறு வாரம் ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரெஸ், ஆங்சைட்டி, வொர்க் பிரஷர். ஏழாவது வாரம் மேடம், "இதையெல்லாம் வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லுங்களேன்" என்றார். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம், "அப்பா மேல ஒரு மனத்தாங்கல்" என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததென்று தெரியாது, பாட்டி சொல்வது. கோபமில்லை, வெறுப்புமில்லை, அவ்வளவு நாள் ஸ்ட்ரெஸ் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க அழுகைதான். மேஜையில் டிஷ்யூ டப்பா இருந்தும் கர்ச்சீப்பைத்தான் எடுத்தேன்.

மேடம் சொல்லிக்கொடுத்தது சி.பி.டி. முறை, அதாவது நம் நினைப்பையும் நடத்தையையும் கவனித்து மாற்றப் பழக்கும் சிகிச்சை. 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கியது. நடைமுறையில் அது ஒரு நோட்டு. மகளின் பழைய நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டேன். என்ன நடந்தது: மேனேஜர் மெயிலுக்குப் பதில் போடவில்லை. என்ன நினைத்தேன்: வேலையை விட்டுத் தூக்கப்போகிறார். பயம்: நூற்றுக்கு 80. ஆதாரம்: காலி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், மனிதர் பேத்தி காதுகுத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறார்.

குறைகளும் உண்டு. சில நாள் பேசிவிட்டு வந்தால் முன்னைவிட மோசமாக இருக்கும், அன்று வீட்டில் யாரும் என்னிடம் பேசாமலிருப்பது நல்லது. 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லாமல் ரத்து செய்தால் முழுப் பணமும் போச்சு. காய்ச்சலில் கிடந்தும் கட்டியிருக்கிறேன், அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது. 2017 மனநலச் சட்டம் மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் என் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். வெறும் பேச்சுக்கு ஒரு பைசா வரவில்லை. நான்காவது மாதம் தூக்கம் சுத்தமாகப் போனபோது மேடமே சைக்யாட்ரிஸ்டிடம், அதாவது மனநல டாக்டரிடம், அனுப்பினார், மாத்திரை எழுத மேடத்துக்கு அதிகாரமில்லை. எட்டு மாதம் சாப்பிட்டேன், டாக்டர் சொன்னபடி மெல்லக் குறைத்து நிறுத்தினேன்.

"என்கிட்ட சொல்லாததை யாரோ ஒருத்தர்கிட்ட காசு குடுத்து சொல்றீங்களா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். உன்னிடம் சொன்னால் நீயும் சேர்ந்து கவலைப்படுவாயே என்றேன். முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் வீடியோ காலில் பேச வேண்டிய நாட்களில் கார் சாவியை எடுத்துக் கொடுப்பது அவள்தான். அபார்ட்மென்டில் எனக்குத் தனியிடம் என்றால் கார் மட்டும்தான்.

காசு கட்டுப்படியாகாதவர்கள் 14416ஐக் கூப்பிடலாம். டெலி மானஸ், அரசின் இலவச சேவை, தமிழிலேயே பேசலாம்.

இப்போது மாதம் ஒரு முறைதான், கட்டணம் 1,800 ஆகிவிட்டது. போன முறை சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மகள் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று பாதி நேரம் பேசினோம். அதற்கும் 1,800தான்.