படகு இழுக்கும் வண்டி: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

நாங்கள் இருப்பது மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர். வெஸ்டர்ன்போர்ட் விரிகுடா முக்கால் மணி நேரத் தூரம். ஐந்தரை மீட்டர் அலுமினியப் படகு வாங்கியபோது வீட்டில் ஏற்கெனவே ஒரு எஸ்யூவி நின்றது. பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 2,000 கிலோ இழுக்கும் என்று கையேட்டில் இருந்தது. படகின் எடை 700 கிலோ என்றார்கள். பாதிகூட இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அந்த 700 வெறும் உடம்பின் எடை. எஞ்சின், 120 லிட்டர் பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி, ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து எடைமேடையில் ஏற்றினால் 1,620 காட்டியது. பெட்ரோல் மட்டுமே 90 கிலோ வரும். சரி, அதுவும் 2,000க்குள்தானே? ஆனால் ட்ரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, கொக்கிக் குமிழை, அதாவது டோபாலை, கீழ்நோக்கி அழுத்தும். அழுத்தம் ரொம்பக் குறைந்தால் ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். எங்களுடையது 160 கிலோ அழுத்தியது. அந்த எஸ்யூவி தாங்கலாம் என்று அனுமதித்தது 100 கிலோ. வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடித்தது.

வெஸ்டர்ன்போர்ட்டில் கடல் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஒருநாள் நீர் வற்றிய நேரத்தில் ஹேஸ்டிங்ஸ் ராம்பில், அதாவது படகை இறக்கி ஏற்றும் சரிவில், படகை ட்ரெய்லரில் ஏற்றிவிட்டு மேலே வரப் பார்த்தேன். கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் பாசி. முன்சக்கரம் ஓட்டும் வண்டி, எடையெல்லாம் பின்னால். சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன, ரப்பர் கருகும் வாடை வந்தது, வண்டி ஒரு சாண் பின்னுக்கு வழுக்கியது. பின்சீட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் தன் லேண்ட் குரூசரில் பட்டை கட்டி இழுத்துவிட்டார். அன்றிலிருந்து ராம்பில் வண்டிக்குள் என்னைத் தவிர யாரையும் உட்காரவிடுவதில்லை.

2021ல் இசுசு டி-மேக்ஸ் யூட், அதாவது பின்னால் சரக்குத் தொட்டி உள்ள பிக்அப் வண்டி, எடுத்தோம். 3 லிட்டர் டீசல், 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு சுழலும் லோ ரேஞ்ச் கியரில் போட்டு மெதுவாக ஏறினால் அதே பாசியில் சக்கரம் ஒருமுறைகூடச் சுழலவில்லை. ஹீல்ஸ்வில் தாண்டி பிளாக் ஸ்பர் மலைப்பாதை வளைவுகள் வழியே எயில்டன் ஏரிக்குப் போகும்போதும் சிரமமில்லை. இறக்கத்தில் கியரைக் குறைத்துவிட்டால் பிரேக்கை அதிகம் தொட வேண்டியதில்லை. தனியாக ஓடினால் 100 கிலோமீட்டருக்கு எட்டரை லிட்டர், படகோடு பதின்மூன்றரை. 76 லிட்டர் டேங்க், அதனால் லேக்ஸ் என்ட்ரன்ஸ் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டரும் நடுவில் நிரப்பாமல் போய்ச் சேரலாம். பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை வில், வைத்த யூட் எதுவானாலும் காலியாக ஓடும்போது கொஞ்சம் குலுக்கும். குடும்பத்தோடு தினமும் ஓட்டுபவர்கள் அதே அடித்தளத்தில் வரும் இசுசு எம்யூ-எக்ஸ் எஸ்யூவியையும் பார்க்கலாம்.

இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் 3,500 கிலோ இழுக்கும் என்றே விளம்பரம் செய்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்த எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. என் வண்டிக்கு அது 6 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 3,500 கிலோவை மாட்டி, வண்டியின் சொந்த எடையையும் கழித்தால் மிச்சம் 300 கிலோ சொச்சம். நான்கு பேர், தொட்டியை மூடும் கேனப்பி, ட்ரெய்லர் மாட்டும் டோபார், அவ்வளவுதான், தீர்ந்தது. எங்களுக்கு 1,620 என்பதால் கவலையில்லை. ட்ரெய்லர் 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் பிரேக் என்று சட்டமும் மாறும், செலவும் ஏறும்.

அப்புறம், ராம்புக்கு வந்ததும் படகை உடனே தண்ணீரில் இறக்காதீர்கள். ஓடி வந்த ட்ரெய்லர் சக்கரத்தின் ஹப், அதாவது நடுக்குடம், சூடாக இருக்கும். குளிர்ந்த கடல்நீர் பட்டதும் உள்ளே காற்று சுருங்கி உப்புத்தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பேரிங் துருப்பிடிக்கும். நான் விளக்கு பிளக்கைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஹப்பில் கை வைத்துப் பார்ப்பேன். கை தாங்கினால்தான் இறக்குவேன்.